மைத்துனரின் வெள்ளி டாலரும் உங்கள் வீட்டுக் கடனும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1964 என்று தேதியிட்டு டென்வர் நாணயச்சாலையில் சோதனையாக அடிக்கப்பட்டு, பிறகு உருக்கப்பட்ட ‘பீஸ் டாலர்’ என்ற வெள்ளி நாணயம் ஒன்று அங்கு வேலை பார்த்த ஒருவரின் குடும்பத்திடம் ரகசியமாக இருப்பதாக என் மனைவியின் அண்ணன் சொல்கிறார். விலை 1,60,000 டாலர். நான்கு பேர் ஆளுக்கு 40,000 போட்டு வாங்கினால், பின்னாளில் கோடிக்கணக்கில் போகும் என்கிறார். நாணயத்தின் புகைப்படமும், ரகசியம் காப்பதாக ஓர் ஒப்பந்தப் படிவமும் அனுப்பியிருக்கிறார். வீட்டின் பேரில் வங்கி தந்திருக்கும் கடன் வரம்பில் இடம் இருக்கிறது. அவருக்காக முன்பு இரண்டு முறை எடுத்த 22,000 டாலர் மட்டும் நிலுவை. வட்டி தவறாமல் கட்டுகிறேன். இப்போது மறுத்தால் மனைவி மனம் வருந்துவாள். பணம் போடலாமா?

பதில்: நாணயத்தைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு, அந்த 22,000 டாலரை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான். ஆனால் நாணயத்தை முடிக்காமல் கடனுக்கு வந்தால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வதந்தி ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 1965 மே மாதம் டென்வரில், 1964 என்ற தேதியோடு 3,16,076 நாணயங்கள் அடிக்கப்பட்டன. நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு நிலவும்போது சேகரிப்பாளர்கள் பதுக்கப்போகும் வெள்ளி டாலர் எதற்கு என்று எதிர்ப்புக் கிளம்பியது. உடனே அவையெல்லாம் வெறும் சோதனை அடிப்பு என்று அறிவித்து உருக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றாக எண்ணாமல் எடை போட்டுத்தான் சரிபார்த்தார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. ஒரு நாணயம் 26.73 கிராம், மொத்தம் ஏறக்குறைய எட்டரை டன். அதே எடையுள்ள பழைய பீஸ் டாலர் ஒன்றைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டால் எந்தத் தராசும் காட்டிக்கொடுக்காது. ஆகவே தப்பியிருக்கவே முடியாது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் மைத்துனர் அங்கிருந்து ஒரே தாவலில் ‘தப்பியிருக்கிறது’ என்பதற்குப் போய்விட்டார்.

அனுபவமுள்ள சேகரிப்பாளர் அப்படித் தாவ மாட்டார். கண்ணால் பார்த்தவர் யார், பார்த்ததாகக் கேள்விப்பட்டவர் யார் என்று முதலில் பிரிப்பார். கை மாறிய வரலாற்றுக்கு அந்தக் காலத்துக் காகிதம் கேட்பார். பிறகு உலோகத்துக்கு வருவார். உங்களுக்கு வந்த புகைப்படத்தில் தேதியின் மூன்றாவது இலக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1934-இல் டென்வரில் அடித்த அசல் பீஸ் டாலர்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. 3 என்ற இலக்கத்தை 6 ஆக்கத் தெரிந்த கைக்கு வேறு எதையும் தொட வேண்டியதில்லை; பின்புறத்தில் ‘டி’ என்ற டென்வர் முத்திரைகூடத் தயாராக இருக்கும். போதாததற்கு, தனியார் ஒருவர் அசல் பீஸ் டாலர்களின் மேலேயே 1964 தேதியை அடித்து வெளிப்படையாக விற்றிருக்கிறார். எடையும் வெள்ளியும் இரண்டிலும் சரியாகவே இருக்கும்.

1913-ஆம் ஆண்டு நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் நாணயத்தை மைத்துனர் உதாரணம் காட்டுவார், எல்லோரும் காட்டுவார்கள். போலி என்று ஒதுக்கப்பட்டு, அலமாரியில் கிடந்து, 2003-இல் அசல் என்று உறுதியாகி, 2013-இல் 31 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது உண்மைதான். அதை உறுதிசெய்தபோது அதே வகையைச் சேர்ந்த மற்ற நான்கு அசல்களையும் பக்கத்தில் வைத்து நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். 1964 டாலருக்கு ஒப்பிட ஓர் அசல்கூட வெளியில் இல்லை. நாணயத் தரச்சான்று நிறுவனம் ஒன்று 2013-இல், நேரில் கொண்டுவந்து காட்டினாலே 10,000 டாலர் தருவதாக அறிவித்தது. பறிமுதலுக்குப் பயந்து யாரும் காட்டவில்லை என்பார் மைத்துனர். அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படியானால் நீங்கள் மட்டும் அதை யாரிடம் காட்டி விற்பீர்கள்?

இதைப் போலவே அடித்தும் வெளியிடாமல் உருக்கப்பட்ட 1933-ஆம் ஆண்டு இருபது டாலர் தங்க நாணயங்களில் பத்து ஒரு குடும்பத்திடம் கிடைத்தன. சரிபார்த்துத் தரும்படி நாணயச்சாலைக்கே அனுப்பினார்கள். அசல்தான் என்றது அரசு, திருப்பித் தரவில்லை. பல ஆண்டு வழக்கில் குடும்பம் தோற்றது. 2017-இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 1974 தேதியிட்ட டென்வர் அலுமினிய சென்ட் ஒன்றை வைத்திருந்தவர்களும் வழக்காடிவிட்டு 2016-இல் ஒப்படைத்தார்கள்.

இப்போது கணக்கு. நாணயம் போலி என்றால் உங்கள் 40,000 போயிற்று. நால்வருக்கும் சேர்த்து முக்கால் அவுன்ஸ் வெள்ளி மிஞ்சும். அசல் என்றால் அரசு எடுத்துக்கொள்ளும். அந்த வெள்ளியும் மிஞ்சாது. அசலாக இருந்தால் கூடுதல் நஷ்டம் தரும் முதலீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. அரும்பொருளில் பங்கு வாங்குவது இப்போது நாகரிகமாகிவிட்டது. சட்டபூர்வமான பொருளிலேயே அந்தப் பங்கை நினைத்த நேரத்தில் விற்க முடிவதில்லை. இதில் பத்திரம்கூட இல்லை.

இனி அந்த 22,000. வட்டி சுமார் 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 156 டாலர் கட்டுகிறீர்கள். கடனின் அசல் தொகையில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. இதோடு 40,000 சேர்ந்தால் வட்டி மட்டும் மாதம் 440, ஆண்டுக்கு 5,270. வீட்டைச் செப்பனிடச் செலவழிக்காத கடன் என்பதால் இந்த வட்டிக்கு வரிக் கழிவும் கிடையாது. மைத்துனர் முதலீட்டு யோசனைகளோடு வருவதில்லை, உங்கள் கடன் வரம்பில் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொண்டு வருகிறார். இந்த நாணயம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொன்று வரும்.

இந்த வாரமே வங்கியிடம், இனிப் பணம் எடுக்க முடியாதபடி வரம்பை முடக்கச் சொல்லுங்கள். நிலுவையை மூன்று ஆண்டுத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 700 டாலர் வரும். கையைக் கடித்தால் ஐந்து ஆண்டாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். மனைவியிடம் நாணயத்தைப் பற்றி வாதாட வேண்டாம். வங்கி அறிக்கையை எடுத்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அவருடைய அண்ணனுக்காக அவருடைய வீடும் அடமானத்தில் இருப்பது அவருக்கு முழுதாகத் தெரியுமா என்பது உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. மைத்துனருக்குச் சொல்ல வேண்டிய பதில், ‘வரம்பை மூடிவிட்டோம், மச்சான்’ என்பது மட்டுமே. நாணயம் அசலா போலியா என்று பேச ஆரம்பித்தால் அவர் இன்னொரு புகைப்படம் அனுப்புவார்.

அந்த ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு தன்னுடையது என்று கருதும் பொருளை, தெரிந்தே வாங்கினீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் சாட்சியாக அது ஆகிவிடலாம். ஏற்கெனவே போட்டிருந்தால், வங்கிக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.