திருட்டு சைலன்சர் வழக்கு: சட்டத்தையே எதிர்த்து ரிட் போடலாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் பழைய கார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். தெரிந்த பையன் ஒருவன் கொண்டுவந்த மூன்று சைலன்சர்களை வாங்கினேன். ஏற்காட்டில் நிறுத்தியிருந்த வண்டிகளில் திருடியது என்று போலீஸ் வந்து எடுத்துப்போனார்கள். கடையையும் பூட்டி சாவியை வாங்கிக்கொண்டார்கள். எஃப்.ஐ.ஆரில் புதிய குற்றச் சட்டமான பி.என்.எஸ். 112, 317 என்று போட்டிருக்கிறது. 112-ஆவது பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது, ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் வழக்கே போய்விடும் என்கிறார் நண்பர். போடலாமா சார்?

பதில்: போட உரிமை இருக்கிறது. ஆனால் அதில் உங்கள் பணமும் மாதங்களும்தான் போகும், வழக்கு போகாது.

நண்பர் சொல்வதில் விஷயமே இல்லை என்று நினைக்காதீர்கள். 112 என்பது சிறு அளவிலான கூட்டுக் குற்றம். குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. திருட்டு, பறிப்பு, ஏமாற்று என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘இதுபோன்ற வேறு குற்றச் செயல்’ என்று வாசலைத் திறந்து விட்டிருக்கிறார்கள். எது குற்றம் என்று மக்களுக்குப் புரியாத சட்டம் நிற்காது என்பதற்கு 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே சாட்சி. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வாசகம் பலவீனமானதுதான். ஆனால் அந்த வாதம் உங்களுக்குப் பயன்படாது. ஏனென்றால் அதே பிரிவின் விளக்கத்தில் ‘வாகனத்திலிருந்து திருடுவது’ என்று பெயர் சொல்லியே இருக்கிறது, சைலன்சர் அதில் நேராக வந்து உட்கார்ந்துவிடும். அதோடு, ஒரு சட்டம் செல்லும் என்றுதான் கோர்ட் தொடங்கும், செல்லாது என்று நிரூபிக்கிற சுமை முழுக்க உங்கள் தலையில்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 112 பொருந்த வேண்டுமானால் நீங்கள் அந்தக் கும்பலில் ஓர் ஆளாக இருந்திருக்க வேண்டும். கடையில் உட்கார்ந்து பொருள் வாங்கியதாலேயே கும்பலில் சேர்ந்தவர் ஆகிவிட மாட்டீர்கள். வேறு ஆதாரம் ஒன்றும் இல்லை என்றால், உங்கள் மீதான 112-ஐ மட்டும் ரத்து செய்யச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம்) 528-இன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சம்பவம் பி.என்.எஸ். அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தியது என்றால் இன்னும் எளிது: அரசியல் சாசனத்தின் 20(1) ஆவது பிரிவுப்படி அன்றைக்கு இல்லாத குற்றத்துக்கு இன்றைக்குத் தண்டிக்க முடியாது, பழைய ஐ.பி.சி.தான்.

அப்புறம் 317, அதாவது திருட்டுப் பொருள் வாங்கிய குற்றம். இதில் எந்த உட்பிரிவு என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், இது மிக முக்கியம். 317(2) என்றால் 3 ஆண்டு வரை. 317(4), அதாவது வழக்கமாகவே திருட்டுப் பொருள் வாங்குகிறவர் என்றால், ஆயுள் வரை போகும். மூன்று சைலன்சரையும் ஒரே நாளில் வாங்கினீர்களா, மூன்று தடவையாகவா என்பதே இங்கே பெரிய வித்தியாசம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினீர்கள் என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். திருடு போன கொஞ்ச நாளிலேயே பொருள் உங்களிடம் இருந்தால் கோர்ட் அப்படி ஊகிக்கலாம்; ஊகித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, நம்பும்படி கணக்குச் சொன்னால் போதும். அதனால் இதை மனம் விட்டு வக்கீலிடம் சொல்லுங்கள்: சைலன்சர் போல்ட் கழற்றி எடுத்ததா, பைப்பை ஹேக்சா பிளேடால் அறுத்ததா? அறுத்த வாய் பளபளவென்று இருந்ததைப் பார்த்தும் வாங்கினீர்களா? உள்ளே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பது தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க இரும்பு விலைக்குக் கிடைத்தது என்றால் அந்த விலையே உங்களுக்கு எதிராகப் பேசும்.

கடைச் சாவி விஷயத்தில்தான் ரிட் உதவும். சந்தேகப் பொருளைக் கைப்பற்ற பி.என்.எஸ்.எஸ். 106-ஆவது பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது, கட்டடத்தைக் கைப்பற்ற அல்ல. பழைய சி.ஆர்.பி.சி.யின் 102-ஆவது பிரிவை வைத்து 2019-இல் நெவாடா பிராப்பர்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, 106-உம் அதே பிரிவின் மறுபதிப்புதான். முதலில் மாஜிஸ்டிரேட்டிடம் மனு கொடுங்கள். நடக்கவில்லை என்றால் தொழில் செய்யும் உரிமை, சொத்துரிமை (19(1)(ஜி), 300ஏ) இரண்டையும் வைத்து அரசியல் சாசனத்தின் 226-இன் கீழ் ரிட். சோதனையை வீடியோ எடுத்தார்களா என்றும் கேளுங்கள், பி.என்.எஸ்.எஸ். 105-ஆவது பிரிவுப்படி எடுத்திருக்க வேண்டும்.

கைது பயம் இருந்தால் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேட்கலாம். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் காரணமில்லாமல் கைது செய்யக்கூடாது, நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது இன்றும் அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் கண்டிப்பாகப் போங்கள். ஆனால் வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று அரசியல் சாசனத்தில் 20(3) இருக்கிறது.

அந்தப் பையனுக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரம், அவன் ஆதார் நகல் வாங்கியிருந்தால் அது, கொள்முதல் நோட்டு, எல்லாவற்றையும் இன்றைக்கே நகல் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். நோட்டில் இப்போது புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டாம்.