கார்னிவல்: அரங்கமும் தெருவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரியோ டி ஜெனிரோ கார்னிவல் அணிவகுப்பை அண்மையில் இணையத்தில் பார்த்தேன். இறகு சூடிய நடனப் பெண்கள், மாளிகை உயர ஊர்திகள், நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்திருக்கும் சுற்றுலாப் பயணிகள். இதைத் தெருவிழா என்று எப்படிச் சொல்வது? மரபு என்று ஏதேனும் இதில் எஞ்சியிருக்கிறதா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் பார்த்தது அரங்கம்தான். 1984இல் கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நீமேயரின் வடிவமைப்பில் கட்டப்பட்ட சாம்பாட்ரோம், இருபுறமும் படிவரிசைகள் கொண்ட, ஏறத்தாழ 700 மீட்டர் நீளமுள்ள சாலை. ஆனால் அதில் ஆடி வருபவர்கள் அங்கே வந்து சேர்ந்த வழி நெடியது.

தவக்காலம் என்னும் கிறித்தவ நோன்புக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் நாட்களில் ஒருவர்மீது ஒருவர் நீரும் மாவும் வீசி விளையாடும் எண்ட்ரூடோ என்னும் வழக்கத்தைப் போர்ச்சுக்கீசியர் பிரேசிலுக்குக் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அதற்குத் தடைகள் வந்தபோது, வசதி படைத்தோர் முகமூடி நடனங்களுக்கும் அலங்கார ஊர்வலங்களுக்கும் நகர்ந்தார்கள். இன்றைய கார்னிவலின் உயிர் அங்கிருந்து வந்ததல்ல. 1888இல் அடிமைமுறை ஒழிக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் வடகிழக்கு மாநிலமான பாஹியாவிலிருந்து ரியோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்கள், துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளிலும் பிராசா ஒன்ஸே சதுக்கத்தைச் சுற்றியும் வாழ்ந்தார்கள். அவர்களிடையே பெருமதிப்புப் பெற்ற தியா சியாட்டாவின் வீட்டில்தான் வழிபாடும் விருந்தும் இசையும் ஒன்றுகூடி, நகரத்து சாம்பா என்னும் ஆட்ட இசை உருக்கொண்டது. அக்காலத்தில் கையில் பறையோடு தெருவில் போவதே காவலர்களின் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஜோவோ டா பையானா என்ற இசைக்கலைஞரின் பண்டெய்ரோ என்னும் கைப்பறையை அவர்கள் பறித்துச் சென்றதும் உண்டு.

சாம்பா பள்ளிகள், அதாவது அணிவகுப்பில் போட்டியிடும் பேட்டைச் சங்கங்கள், இந்தப் பின்னணியில் பிறந்தவை. 1928இல் எஸ்டாசியோ பகுதியில் இஸ்மாயில் சில்வாவும் நண்பர்களும் ‘டெய்ஷா ஃபலார்’ குழுவைத் தொடங்கினார்கள். 1932இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை பிராசா ஒன்ஸேயில் நடத்திய முதல் போட்டியில் மங்கெய்ரா பள்ளி வென்றது. 1935இல் அரசு இந்தப் போட்டியை ஏற்றுக்கொண்டது. விரட்டப்பட்ட ஓர் இசை, ஒழுங்கான அணிவகுப்பாகத் தன்னை அமைத்துக்கொண்டு, அனுமதியைப் பெற்றுவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். நீங்கள் கேட்ட மரபும் அந்த ஒழுங்குக்குள்தான் இருக்கிறது. அகன்ற பாவாடையும் தலைப்பாகையுமாகச் சுழன்று வரும் பையானா (பாஹியாப் பெண்) என்னும் மூதாட்டியர் அணி, தியா சியாட்டா போன்ற பெண்களுக்குச் செலுத்தப்படும் மரியாதை. அந்த அணி இல்லாமல் எந்தப் பள்ளியும் போட்டியில் இறங்க முடியாது. கொடியேந்தும் பெண்ணும் அவளைக் காத்து ஆடும் ஆணும் சேர்ந்த இணைக்கும், இருநூறுக்கும் மேற்பட்டோர் முழக்கும் தாளக்குழுவுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு.

ஊர்திகளைவிட நான் கவனிக்கச் சொல்வது கதைப்பொருளை. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் ஒரு கதையைத் தேர்ந்து, அதற்கான பாடலைப் பெரும்பாலும் பாடலாசிரியர்களுக்குள் போட்டி வைத்துத் தெரிவு செய்கிறது. அடிமை விடுதலையின் நூற்றாண்டான 1988இல், கறுப்பினப் பண்பாட்டைக் கொண்டாடிய விலா இசபெல் பள்ளி வென்றது. அந்த விடுதலை மெய்யா மாயையா என்று கேட்ட மங்கெய்ரா இரண்டாமிடம் பெற்றது. மறு ஆண்டு, பிச்சைக்காரராக இயேசுவைக் காட்டும் சிலையைக் கொண்டுவர பெய்ஜா ஃப்ளோர் பள்ளி முயன்றபோது திருச்சபை நீதிமன்றத் தடை பெற்றது. வடிவமைப்பாளர் ஜோவோசின்யோ ட்ரிண்டா சிலையைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, தடுக்கப்பட்டாலும் எங்களைக் கண்ணோக்கும் என்ற பதாகையுடன் ஊர்வலத்தில் அனுப்பினார். மூடிய சிலைதான் இன்றும் பேசப்படுகிறது.

இதற்கு விலையும் உண்டு. பல பள்ளிகளின் புரவலர்கள் சட்டவிரோதச் சூதாட்டத் தலைவர்கள். அவர்களில் சிலர் உட்பட 14 பேருக்கு 1993இல் நீதிபதி டெனிஸ் ஃப்ரோசார்ட் சிறைத்தண்டனை விதித்தார். நுழைவுச்சீட்டின் விலையால் பள்ளிகளின் சொந்தப் பேட்டை மக்கள் பலர் படிவரிசைக்கு வெளியே நிற்கிறார்கள் என்ற உங்கள் உள்ளுறை விமர்சனத்தையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் தெரு காலியாகிவிடவில்லை. பிளோக்கோ எனப்படும் பேட்டைக் குழுக்கள் நகரெங்கும் பாடிச் செல்கின்றன. 1918இல் தொடங்கிய கோர்டாவோ டா போலா பிரெட்டா, கார்னிவல் சனிக்கிழமை காலையில் நகர மையத்தில் ஊர்வலம் போகிறது. வெள்ளையில் கறுப்புப் புள்ளியிட்ட உடையே அதன் அடையாளம், சீட்டு எதுவும் தேவையில்லை. அடுத்த முறை அதன் காணொளியைத் தேடிப் பாருங்கள்.