தலையெழுத்து என்று விட்டுவிடலாமா?

கேள்வி: கடவுளுக்கு முக்காலமும் தெரியும் என்கிறோம். அப்படியானால் நாளை நான் செய்யப்போகும் தவறும் அவருக்கு இன்றே தெரியும். அதைச் செய்யாமல் இருக்க என்னால் முடியுமா? எல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிடுவதுதானே நேர்மை?
– கல்லூரி மாணவர், பெரம்பலூர்

பதில்: விட்டுவிடுவது என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள், தம்பி! எதை விடப்போகிறீர்கள்? யாருடையதை விடப்போகிறீர்கள்? பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு முழம் நகர்த்திவிட்டால், தலையெழுத்து என்று விட்டுவிடுகிறவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. மறுநாளே தாலுகா அலுவலகத்தில் சர்வேயரைத் தேடிக்கொண்டு நிற்பார். அடுத்த தெருவில் ஒரு பெண் தினமும் கணவனிடம் அடிவாங்குகிறாள் என்று சொல்லுங்கள். அதே மனிதர், "அவள் தலையெழுத்து" என்பார். தனக்கு வழக்கு, அடுத்தவருக்கு விதி. இந்த வேறுபாடுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. உங்கள் தத்துவச் சிக்கலுக்கு வருவதற்கு முன் இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

இதைப் பழைய சமணர்கள் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆகமங்களில் ஒன்று உபாசகதசா. அதில் பொலாசபுரத்துக் குயவர் சத்தாலபுத்திரன் வருகிறார். ஊருக்கு வெளியே ஐந்நூறு மட்பாண்டக் கடைகள் வைத்திருந்த செல்வர். சமயத்தால் ஆசீவகர், மற்கலி கோசாலரைப் பின்பற்றுகிறவர். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, முயற்சி என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுடைய கொள்கை. அவர் பானைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்த வேளையில் மகாவீரர் கேட்கிறார்: இந்தப் பானை எப்படி உண்டாயிற்று? முதலில் களிமண்ணாக இருந்தது, நீர் விட்டுப் பிசைந்து, சாம்பலும் சாணமும் கலந்து, சக்கரத்தில் ஏற்றினோம் என்கிறார் குயவர். அப்படியானால் முயற்சியால் உண்டானதா, முயற்சி இல்லாமலா? கொள்கையை விட்டுக்கொடுக்காமல், முயற்சி இல்லாமல்தான், எல்லாம் நியதி என்கிறார். மகாவீரர் அடுத்துக் கேட்கிறார்: உம்முடைய ஆள் ஒருவன் இந்தப் பானைகளைத் திருடினால், உடைத்தால், அல்லது உம் மனைவி அக்னிமித்திரையிடம் தகாத முறையில் நடந்தால் என்ன செய்வீர்? அடிப்பேன், கட்டிவைப்பேன், கொன்றும்விடுவேன் என்று குயவருக்குப் பதில் உடனே வந்துவிடுகிறது. மகாவீரர் சொல்கிறார்: முயற்சியே இல்லை என்றால் யாரும் எதையும் திருடவில்லை, உடைக்கவில்லை. பிறகு யாரை அடிக்கப்போகிறீர்? குயவர் அந்த இடத்திலேயே மகாவீரரின் அடியவராகிறார்.

இது எதிர்த்தரப்பு எழுதிய கதை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆசீவகர்களின் சொந்த நூல் எதுவும் நமக்கு எஞ்சவில்லை. மணிமேகலையிலும் நீலகேசியிலும்கூட அவர்களை மறுப்பவர்களின் வாய்வழியாகவே அவர்களைக் கேட்கிறோம். அவர்கள் தங்கள் தரப்பை இன்னும் நன்றாகவே சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்தக் குயவரைப் போலவே நாம் இன்றும் நடந்துகொள்கிறோம்.

இனி உங்கள் சிக்கல். அறிவது வேறு, செய்ய வைப்பது வேறு என்பது பழைய விடை. போயத்தியஸ் என்ற ரோமானியர் ஆறாம் நூற்றாண்டில், சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்தபோது இதை எழுதினார். ஒருவர் நடப்பதை நான் பார்ப்பதால் அவர் நடக்கக் கட்டாயப்படுவதில்லை. காலத்துக்கு அப்பாற்பட்ட கடவுள் நம் நாளையையும் அப்படியே நிகழ்காலமாகப் பார்க்கிறார் என்றார். அழகான வாதம். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். பார்ப்பவரே படைத்தவரும் என்றால்? இன்னார் இன்னது செய்வார் என்று தெரிந்தே அவரைப் படைத்திருந்தால்? இந்த இடத்தில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் தயங்கவில்லை. கடவுள் தீர்மானித்தார், அதனால் அறிகிறார் என்றார். நம் பக்கத்தில் துவைத வேதாந்தத்தை நிறுவிய மத்வர், சில உயிர்களின் இயல்பிலேயே வீடுபேறு இல்லை என்றார். இருவரும் கசப்பை மறைக்காதவர்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை, ஆனால் அந்தத் துணிவை மதிக்கிறேன். கத்தோலிக்கத்துக்குள்ளேயே 1588இல் மொலினா என்ற ஏசு சபையினர் வேறொரு வழி சொல்ல, தொமினிக்கன் சபையினர் கடுமையாக எதிர்த்தார்கள். ரோமில் ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607இல் போப் ஐந்தாம் பவுல் எந்தத் தரப்புக்கும் தீர்ப்பளிக்காமல், ஒருவரையொருவர் கண்டிக்க வேண்டாம் என்று மட்டும் கூறி முடித்துவைத்தார். கடவுளின் அறிவு எப்படிப்பட்டது என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. என்னாலும் அதை மூட முடியாது.

ஆனால் "விட்டுவிடலாம்" என்ற முடிவை மூடலாம். வள்ளுவரைப் பாருங்கள். வாழ்வில் வருவது போவதை மட்டுமல்லாமல், நம் சோம்பலையும் ஊக்கத்தையும்கூட அவர் ஊழின் கணக்கில் வைக்கிறார்: "ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி." இதைவிடக் கடுமையாக ஒரு விதிவாதி பேச முடியாது. அதே வள்ளுவர் 61ஆம் அதிகாரம் முழுவதையும் சோம்பாதே என்று சொல்வதற்கே செலவிடுகிறார். அடுத்த அதிகாரத்தின் இறுதியில் ஊழையே புறங்காட்டி ஓடவைக்கிறார்: "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழா துஞற்று பவர்." இது முரண்பாடு என்று ஒரு பேராசிரியர் இதே பக்கத்துக்கு எழுதினார், நான் மறுத்தேன், அவர் இன்னும் ஏற்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், ஐயா: கட்டளையிடுகிறவர், கேட்பவரால் முடியும் என்று நம்பித்தான் கட்டளையிடுகிறார். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது. உயிர் செயல் புரியக்கூடியது, இல்லையேல் சாத்திரத்துக்கே பொருளில்லை. 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று சொல்லும் எந்த மதமும், எல்லாம் விதி என்று கேட்பவரைக் கைகட்டி உட்காரச் சொல்ல முடியாது.

விட்டுவிடச் சொன்னவர்கள் பெரும்பாலும் அரியணையில் இருந்தவர்கள். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் இஸ்லாமியப் பேரரசை ஆண்ட உமையா மரபினர் மக்களின் இரத்தத்தைச் சிந்தினார்கள், பொருளைப் பறித்தார்கள். எங்கள் செயல்கள் இறைவனின் விதிப்படியே நடக்கின்றன என்றார்கள். மஅபத் அல்-ஜுஹனீ இதுபற்றி பஸ்ரா நகரின் மார்க்க அறிஞர் ஹஸன் பஸரீயிடம் முறையிட்டபோது, "இறைவனின் பகைவர்கள் பொய் சொல்கிறார்கள்" என்று அவர் சொன்னதாக வரலாற்றுக் குறிப்பு உண்டு. மனிதனுக்குப் பொறுப்பு உண்டு என்று பேசிய மஅபத்தும், பின்னர் கைலானும் கொல்லப்பட்டார்கள். மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பு என்றால் மன்னனும் பொறுப்பு. அவர்கள் பேச்சில் அரண்மனைக்குப் பிடிக்காதது அதுதான்.

அதற்கு முந்தைய கலீஃபா உமரைப் பாருங்கள். சிரியாவுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது தெரிந்து, உடன் வந்தவர்களோடு திரும்ப முடிவெடுத்தார். "இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?" என்று படைத்தலைவர் அபூ உபைதா கேட்டார். "ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம்" என்றார் உமர். பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமை, மறுகரை வறட்சி என்றால், எந்தக் கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது இறைவனின் விதிதானே என்றும் கேட்டார். களா கத்ரை, அதாவது இறைவனின் விதியை, முழுமையாக நம்பியவரின் பதில் இது. நம்பிக்கை அவரைக் கட்டிப்போடவில்லை. உடன் வந்தவர்களின் உயிரைக் காக்க முடிவெடுக்க வைத்தது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். விதி என்று அப்போது எத்தனை பேர் சொன்னார்கள்! பெற்றவள் சொன்னால் அது அழுகை, நான் வாய்திறக்க மாட்டேன். அனுமதி கொடுத்தவர்களும் ஆய்வுக்குப் போகாதவர்களும் சொல்லும்போது அது தப்பித்தல். சமையலறைக் கூரை கீற்று. ஒடுக்கமான படிக்கட்டு. ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்து எத்தனையோ பிள்ளைகள். இவற்றில் எதைத் தெய்வம் கட்டியது? பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. பத்தாண்டுகள் அந்தப் பெற்றோர் விட்டுவிடாததால்தான் அந்த நாள் வந்தது.

நாளை நீங்கள் செய்யப்போவதாக எழுதியிருக்கும் தவறு என்னவென்று எனக்குத் தெரியாது. அது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, செய்யாதீர்கள்.

ராசிபலன் பக்கம் எப்போது தொடங்குவீர்கள் என்று இந்த வாரமும் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் ஆசிரியராக இருக்கும்வரை கிடையாது.