பாப்பா கேட்கும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்

வணக்கம் ஐயா. உங்கள் பாப்பா இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள் என்றும், "மெக்கானிக்கல் என்றாலாவது புரியும், இண்டஸ்ட்ரியல் என்றால் ஐ.டி.ஐ. மாதிரியா?" என்றும் போனில் கேட்டீர்கள். ஐ.டி.ஐ.யிலும் அந்தச் சொல் இருப்பதால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. இது நான்கு வருட பி.இ. படிப்பு.

திருப்பூரில் இருபது வருடமாகச் செக்கிங்கில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பெரிய கம்பெனிகளில் ஸ்டாப்வாட்சும் கையுமாக டைலருக்குப் பின்னால் வந்து நிற்பார்களே, ஐ.இ. டிபார்ட்மென்ட்காரர்கள், அந்த ஐ.இ.தான் இது. அவர்களைக் கண்டாலே டைலர்களுக்கு ஆகாது என்பதும் உங்களுக்குத் தெரியும்!

ஒரு டி-ஷர்ட் லைனை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு ஒரு வேலை. தோள் சேர்ப்பது, கை வைப்பது, சைடு அடிப்பது எல்லாம் பீஸுக்கு 30 விநாடிக்குள் முடிகிறது. கழுத்து ரிப் வைக்க மட்டும் 50 விநாடி. கழுத்து வைப்பவர் முன்னால் பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக்கட்டு, மலைபோல் குவியும், அடுத்த டைலர் சும்மா உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் மணிக்கு 72 பீஸ்தான். கழுத்துக்கு இன்னொரு டைலரையும் மெஷினையும் போட்டால் மணிக்கு 120 வரை போகலாம். யாரையும் விரட்டாமல், எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கார், மருந்து, ஆஸ்பத்திரி, கிடங்கு என எங்கே போனாலும் இதே கணக்குதான்.

பெயர் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் மேனுபேக்சரிங் இன்ஜினியரிங் என்ற பிரிவு வேறு. வார்ப்பு, வெல்டிங், உலோகம் வெட்டுவது, கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. மெஷின்கள், அளவுக் கருவிகள் என்று ஒரு பொருளை உருவாக்கும் முறையைப் படிப்பது அது. இண்டஸ்ட்ரியலில் புள்ளியியல், ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் (இருக்கும் ஆள், மெஷினை வைத்துச் சிறந்த வழியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது), தரக்கட்டுப்பாடு, ஒர்க் ஸ்டடி (வேலை நடக்கும் முறையையும் நேரத்தையும் அளந்து பார்ப்பது) அதிகம். புரொடக்‌ஷன் என்ற பெயரில் இரண்டும் கலந்து வரும். பாப்பாவுக்குக் கணக்கு இனிக்கிறது, லேத் பக்கம் ஆர்வமில்லை என்றால் அவள் கேட்பது சரிதான்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியலும் மேனுபேக்சரிங்கும் தனித்தனிப் பிரிவுகள். கோவை பி.எஸ்.ஜி. டெக்கிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் புரொடக்‌ஷன் இருக்கிறது; என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டும். இந்தப் பிரிவைப் பொறுத்தவரை நான் கல்லூரியைத்தான் முதலில் பார்ப்பேன். நல்ல லேபும், தொழிற்சாலைகளோடு பழக்கமும் இல்லாத இடத்தில் சேர்ந்தால் ஒர்க் ஸ்டடியை நோட்டில்தான் படிப்பாள். அப்படிப்பட்ட கல்லூரிதான் கிடைக்கும் என்றால் மெக்கானிக்கலே மேல்.

வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தொழிற்சாலைப் பக்கம் போனால் ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் சாப்ட்வேர் அளவுக்கு இருக்காது. ஷிப்ட் இருக்கும், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அரசு நிறுவனங்களின் அறிவிப்புகளில் சிலவற்றில் மெக்கானிக்கல் மட்டும் கேட்பார்கள், சிலவற்றில் இந்தப் பிரிவையும் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றையும் படித்துத்தான் பார்க்க வேண்டும். எம்.இ. மாதிரி மேற்படிப்புக்கு எழுதும் கேட் தேர்வில் புரொடக்‌ஷனுக்கும் இண்டஸ்ட்ரியலுக்கும் சேர்த்துத் தனித்தாள் உண்டு. மேனேஜ்மென்ட் பக்கம் போக நினைத்தாலும் அடித்தளம் பொருத்தமானது. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பயிற்சிக்கென்று 1963-ல் தொடங்கிய மும்பை நிட்டி நிறுவனம்தான் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது.

"பொம்பளைப் பிள்ளை, மெஷின்களுக்கு நடுவில்…" என்று இழுத்தீர்கள். உங்கள் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள், ஐயா?

கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரி, பிரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இந்தச் சனிக்கிழமை பாப்பாவைத் தையல் செக்‌ஷனுக்குக் கூட்டிப்போங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ஒரு மணி நேரம் நிற்கட்டும். எங்கே பண்டில் தேங்குகிறது, ஏன் என்று அவளாகச் சொல்கிறாளா, அல்லது பத்தாவது நிமிஷமே "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்கிறாளா என்று பாருங்கள். அப்புறம் எனக்குப் போன் போடுங்கள், வரிசையைச் சேர்ந்து போடுவோம்.