தடுப்புச் சுவர்ல எதுக்கு ஓட்டை விடறாங்க?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் எக்ஸ்ட்ரா எடுக்கணும்னா முதல்ல மேட்டை வெட்டணும், வெட்டின மண்ணு சரியாம இருக்க தடுப்புச் சுவர் கட்டணும். அதுல வரிசையா பிவிசி பைப் சொருகி விடுவாங்கல்ல, அதுதான் வீப் ஹோல், மண்ணுக்குள்ள இறங்கின மழைத்தண்ணி வெளிய வர்ற வழி.

நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகைல நாள்கணக்கா ஊத்தும், மண்ணு ஊறிப்போய் தண்ணி சுவருக்குப் பின்னாடி தேங்கிரும். 6 அடி உயரத்துக்கு தேங்கினா தண்ணி மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1.5 டன்னுக்கு மேல தள்ளும், மண்ணோட தள்ளல் தனிக்கணக்கு. 2009 நவம்பர்ல நீலகிரில சரிஞ்சதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஓட்டையில்லாத பூந்தொட்டில தண்ணி ஊத்திட்டே இருந்தா என்ன ஆகும், அதேதான். பைப்புக்குப் பின்னாடி ஜல்லி போடாம வெறும் மண்ணைத் தள்ளி மூடிட்டா ஒரே மழைல அடைச்சுக்கும், கொத்தனார் பக்கத்துலயே நின்னு பாருங்க (எங்க வீட்டுல நிக்கல, அப்புறம் திரும்பத் தோண்டினோம்!). பைப்பு வெளிப்பக்கம் லேசா சாஞ்சு இருக்கணும்.

ஓட்டைல தண்ணி வடியுதுன்னா சுவர் லீக்காகுதுன்னு சிலர் சிமெண்ட் வச்சு அடைக்கிறாங்க, அது லீக்கே இல்ல, சுவர் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.