உடைந்த ஃப்ரீசர் டிரேயை ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் கறியும் மீனும் வைக்கும் உயரமான ஃப்ரீசரில் நடு டிரேயின் முன்பக்கம் விரிந்து, கைப்பிடியும் உடைந்துவிட்டது. ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி.

பதில்: விரிசல் மட்டுமென்றால் ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் கைப்பிடி எடையை இழுக்கும் இடமாகையால் அங்கே ஒட்டு நெடுநாள் நிற்காது, ஆகவே மாற்றிவிடுங்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் பிளாஸ்டிக் வளையும் தன்மையை இழந்துவிடுகிறது. அந்த நிலையில், பனி படிந்து இறுகிய டிரேயைப் பலங்கொண்டு இழுக்கும்போதுதான் பெரும்பாலும் முன்பக்கம் பிளக்கிறது. எனவே புது டிரே வருமுன் பனியைக் கரைத்துவிடுங்கள்: மின்சாரத்தை நிறுத்தி, கறியையும் மீனையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, கதவைத் திறந்து வைத்தால் போதும். கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். பல ஃப்ரீசர்களில் குளிர்க்குழாய் தட்டுகளிலேயே ஓடுவதால், அதில் ஓர் ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறி, டிரேயோடு முடியவேண்டிய செலவு ஃப்ரீசருக்கே வந்துவிடும்.

வாங்கும்போது நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. பெரும்பாலும் உட்சுவரில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொண்டு, எத்தனையாவது டிரே என்பதையும் சொல்லுங்கள். ஒரே ஃப்ரீசரிலும் டிரேக்களின் உயரமும் ஆழமும் வேறுபடும், அடி டிரே பின்னாலுள்ள கம்ப்ரசருக்கு இடம்விட்டுக் குட்டையாகவே இருக்கும். காரைக்குடியில் கிடைக்காவிட்டால், பழைய டிரேயின் நீள, அகல, உயரத்தை அளந்துகொண்டு மதுரையிலோ திருச்சியிலோ உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள்.