கொலையைச் சொல்லும் நிலப்பத்திரம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் காட்டுமன்னார்கோவிலில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்ததும் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனை உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். உடன் வந்த உறவினர், "ஆதித்த கரிகாலனை உத்தம சோழன்தான் ஆள் வைத்துக் கொன்றான் என்று இங்கே கல்வெட்டில் வெட்டியிருக்கிறது" என்றார். மகன் உடனே, "வெட்டச் சொன்னது ராஜாதானே? நாம் எதை நம்பவேண்டும் என்று அவர் நினைத்தாரோ அதைத்தானே வெட்டியிருப்பார்கள்?" என்று கேட்டான். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். ஆனாலும் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கல்வெட்டை நம்பலாமா, கூடாதா?

ஒரு வாசகி, மயிலாடுதுறை


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உறவினர் சொன்னதுதான் தவறு. கொலைக்கு உத்தம சோழன் காரணம் என்று அந்தக் கல்லில் ஒரு சொல்கூட இல்லை.

இருப்பது இதுதான். முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்த ஊரின் சபையாருக்கு அரசனின் ஓலை வருகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ஆதித்த கரிகாலனை, கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளையும் உறவினர்களின் உடைமைகளையும் என்ன செய்வது என்பதுதான் ஓலையின் விஷயம். அப்படிப் பறிமுதலாகி வந்த நிலத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கி அறத்துக்கு எழுதிவைக்கிறார். கல்வெட்டு பொறிக்கப்பட்டது அதற்காகத்தான்.

இன்று ஒரு மனை வாங்கினால் மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். இது யாருடைய நிலம், எப்படிக் கை மாறியது, நாளை யாராவது பங்கு கேட்டு வருவார்களா என்று பார்க்கிறோம். உடையார்குடிக் கல் செய்வதும் அந்த வேலையைத்தான். பட்டத்து இளவரசனின் கொலை அங்கே ஒரு நிலத்தின் பூர்வோத்தரத்தில் ஒரு வரியாக வருகிறது. அந்த வரியை நான் முழுமையாக நம்புவதற்குக் காரணமும் அதுவே. நிலத்தை வாங்குகிறவர் தன் பட்டாவுக்காக ஒரு கொலையைக் கற்பனை செய்ய மாட்டார். பறிமுதலான உடைமைகள் அதே ஊரில் இருந்தவை. சபையார் அந்தக் குடும்பத்தை அறிந்திருக்கவேண்டும்.

ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டை இதனோடு வைத்துப் பாருங்கள். அதன் வடமொழிப் பகுதி குலப்பெருமை பாடுவது. அங்கே ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்று வருகிறதே தவிர, கொலை என்ற பேச்சே இல்லை. உங்கள் மகனின் சந்தேகத்தை அங்கே தாராளமாக வைக்கலாம்.

உத்தம சோழன் கதை எங்கிருந்து வந்தது? ஆதித்தன் இறந்தது ஏறத்தாழ 970. கல்வெட்டு அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது. இடையில் ஆண்டவன் உத்தமன். இந்த இடைவெளியைப் பார்த்த வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, உத்தமனுக்குக் கொலையில் பங்கு இருக்கவேண்டும் என்று கருதினார். திருப்புறம்பியத்துக்காரரான இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இருவரும் படித்தது ஒரே கல்லை. 'பஞ்சவன்' என்றால் பாண்டியன், ஆகவே இது பாண்டியர் சதி என்பாரும் உண்டு. அப்படியானால் ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவியை என்ன சொல்வது? பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் அவர் பள்ளிப்படையே, அதாவது சமாதிக் கோயிலே, நிற்கிறது. ஒரு பட்டப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு சதியைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

பெருமைக்காகச் சொல்வதைவிட, வேறொன்றைச் சொல்லும்போது தானாக வந்து விழுவதை நம்பலாம் என்று எனக்கு முதலில் கற்றுத்தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி. என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1951 ஜூன் 1. ஜாதகக் குறிப்பிலோ நந்தன வருடம் ஐப்பசி, அதாவது 1952. ஒரு வருடத்துக்கு மேல் வித்தியாசம். பாட்டி தேதி எதுவும் சொன்னதில்லை. புயல் கதைதான் சொல்வார். 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய பெரும்புயல் அது. கூரை பிய்த்துக்கொண்டு போனதும் தூளியில் கிடந்த நாற்பது நாள் பிள்ளையை எடுத்து நெற்குதிருக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி உட்கார்ந்தாராம். விடிந்து பார்த்தால் கொட்டிலில் சினைப்பசு செத்துக் கிடந்தது. பசுவைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அழுவார். கதையில் தண்ணீர் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. என் சிறுவயதில் முழங்கால் அளவு இருந்தது, நான் கல்லூரிக்குப் போனபோது இடுப்புக்கு வந்துவிட்டது. 'நாற்பது நாள் பிள்ளை' மட்டும் ஒருமுறைகூட மாறவில்லை. அதை அவர் யாருக்கும் நிரூபிக்கச் சொல்லவில்லை. பசுவின் கதைக்கு நடுவே அது தானாக வந்து விழுந்தது.

அப்பா சான்றிதழ்ப்படி 2009இல் ஓய்வுபெற்றார். அறுபதாம் கல்யாணத்தை நந்தன வருடம் திரும்பி வந்த 2012 ஐப்பசியில் திருக்கடையூரில் செய்தோம். சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்க வயது போதவேண்டும் என்று எழுதிய தேதி. அதை வைத்து அவர் பள்ளியில் சேர்ந்த காலத்தை அறியலாம், பிறந்த நாளை அறிய முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இப்படித்தான். அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் 'காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி' என்ற தொடரில் கலம் என்பது கப்பலா உண்கலமா என்று இன்றும் வழக்கு நடக்கிறது. அதே கோயிலில் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், முன்பிருந்த ஊர், தெரு, சிறகு (தெருவின் பக்கம்), வீட்டு வரிசை எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, 100 கலம் நெல். இதுவும் ராஜா வெட்டச் சொன்னதுதான். ஆனால் நெல் அளந்து கொடுக்கவேண்டிய பட்டியலில் பெயரைக் கூட்டி எழுதி யாருக்கு என்ன லாபம்?

அந்தக் காலத்தவருக்கு மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆடுதுறைப் பக்கத்துத் திருக்கோடிக்காவலில் உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவியார் கற்றளி (கற்கோயில்) எடுத்தபோது சிதறிக் கிடந்த பழைய கல்வெட்டுகளைத் திரும்பப் பொறிக்கச் செய்தார். அவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பு இருக்கிறது. இது நகல்தான் என்று நகலே சொல்லிவிடுகிறது! முதன்முதலாக அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருமழபாடியிலும் பழைய விமானத்தைப் பிரிக்கும் முன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து, ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் வெட்டினார்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த அந்தப் பொறுப்பு நம்மிடம் இல்லை என்பதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறு கோயில். குடமுழுக்குக்காக எந்திரத்தில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். நான் போனபோது கல் புதிதுபோல வெளுத்திருந்தது. சுவரின் அடித்தளத்தில் உள்ள குமுதப்படைக்கு மேலே ஐந்து வரிகள் இருந்த இடத்தில் விரலை வைத்தால் லேசான பள்ளங்கள் மட்டும் தட்டுப்பட்டன. கேட்டதற்கு, "அழுக்கெல்லாம் போய்விட்டது, பாருங்கள்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அந்த வரிகளை நம்பலாமா என்று கேட்கும் வாய்ப்பு இனி யாருக்கும் இல்லை.

மகனை மறுபடி உடையார்குடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நல்ல டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். 'கரிகால' என்ற சொல்லை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு அதைச் சுற்றி இருப்பதெல்லாம் நிலமும் விலையும்தான் என்பதையும் அவனே படித்துப் பார்க்கட்டும்.

அன்புடன்.